திருவிடைமருதூரில் அடித்தது, குவைத்தில் கேட்டது

போன சித்திரை மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில், என் தங்கச்சி மகள் யாழினியை முப்பத்தைந்து நிமிஷம் காணவில்லை. திருவிடைமருதூர் மகாலிங்க சாமி கோயில் வாசலிலேயே காணவில்லை. இதை எழுதும்போதுகூட இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை தோறும் கூட்டு வழிபாட்டுக்கு வருகிற அன்பர்கள் பல பேர், "என்ன நடந்துச்சு மல்லிகா, முழுசா சொல்லேன்" என்று கேட்டார்கள். வாயால் சொன்னால் நடுவில் அழுகை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

என் ஊர் நீடாமங்கலம் பக்கம். வீட்டுக்காரர் ராஜேந்திரன் குவைத்தில் கிரேன் ஓட்டுகிறார். இங்கே நிலம், வீடு, ப்ளஸ் ஒன் படிக்கிற மகள் தர்ஷினி எல்லாம் என் பொறுப்பு. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது அவர் ஒரு ஏழு சீட் வண்டி வாங்கினார். வெள்ளை நிறம். தரையிலிருந்து நல்ல உயரம், ஏறுவதற்குப் பக்கவாட்டில் படி, பின்னால் மூன்றாவது வரிசை சீட். "குடும்பமே ஒரே வண்டியில போகலாம் மல்லி" என்றார். நாற்பத்திரண்டு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். விதை நெல், உரம், தர்ஷினியின் டியூஷன், சொந்தக்காரர் கல்யாணம் எல்லாவற்றுக்கும் அந்த வண்டிதான். பெல்ட் போடாவிட்டால் கத்தும். கதவு சரியாகச் சாத்தாவிட்டால் கத்தும். பின்னால் ஒரு நாய் வந்தால்கூடக் கத்தும். எல்லாவற்றுக்கும் கத்துகிற வண்டி.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்காது. அந்த வண்டிக்கு போனில் ஒரு ஆப் உண்டு. வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகம், கதவு பூட்டியிருக்கிறதா என்று எல்லாம் அதில் தெரியும். அவர் குவைத்தில் உட்கார்ந்துகொண்டு அதைப் பார்ப்பார். "இன்னைக்கு மன்னார்குடி ரோட்ல எண்பதுல போயிருக்க" என்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் போன் வரும். எனக்குக் கோபம் கோபமாக வரும். பங்குனியில் பெரிய சண்டையே வந்துவிட்டது. "என்னை நம்பித்தானே வீடு, வாசலை விட்டுட்டுப் போனீங்க? வண்டியை மட்டும் நம்ப மாட்டீங்களா? அதை எடுத்துத் தொலைங்க" என்றேன். என் போனில் இருந்த ஆப்பை நானே அழித்தேன். அவரும் இரண்டு நாள் கழித்து, "எடுத்துட்டேன், போதுமா" என்றார்.

இனி யாழினி. என் தங்கச்சி சுமதி நன்னிலத்தில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் பிரபாகர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை யாழினி. பார்க்காத டாக்டர் இல்லை. அப்போது சுமதி மகாலிங்க சாமியிடம், குழந்தை பிறந்து நடக்கிற வயசில் கூட்டி வந்து அபிஷேகம் செய்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். அந்த வேண்டுதலை நிறைவேற்றத்தான் அன்று போனோம். யாழினிக்கு இரண்டேகால் வயது.

காலையிலேயே நானும் தர்ஷினியும் நன்னிலம் போய் அவர்களை ஏற்றிக்கொண்டோம். யாழினிக்கு முந்தின நாளிலிருந்து சளி. மருந்து கொடுத்து, தூக்கத்திலிருந்து எழுப்பிக் கொண்டுவந்தாள் சுமதி. வழியெல்லாம் பாதித் தூக்கம்தான் குழந்தைக்கு. தர்ஷினி மூன்றாவது வரிசையில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

கோயில் வாசலில் பத்தே முக்காலுக்கு நிறுத்தினேன். பின்னால் ஒரு பஸ் வந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. அவசர அவசரமாக இறங்கினார்கள். சுமதி யாழினியைத் தூக்கிக் கீழே நிறுத்தினாள். நான் என் கண்ணால் பார்த்தேன். ரோஸ் கலர் பாவாடை, ரோஸ் கலர் செருப்பு. தர்ஷினி இறங்குவதற்காக நடு சீட்டை மடக்கி விட்டோம். அவளும் இறங்கினாள். மாப்பிள்ளை பிரபாகர் பின் கதவைத் திறந்து பால் கேனையும் இளநீரையும் இறக்கினார். பஸ்காரர் விடாமல் அடிக்கிறார். நான் இறங்கிப் போய்ப் பின் கதவைச் சாத்தினேன். நடுக் கதவையும் சாத்தினேன்.

"நீங்க போயிட்டிருங்க. நான் நிறுத்திட்டு வர்றேன்" என்று சொல்லி வண்டியை எடுத்தேன்.

வீதியில் இடமே இல்லை. நாலு தெரு தள்ளி ஒரு காலி மனை. அதில் சுவரைப் பார்த்து நிறுத்தினேன். நல்ல வெயில். கண்ணாடி எல்லாவற்றிலும் வெயிலுக்கு வலைத் திரை ஒட்டி வைத்திருப்பேன். ரிமோட்டை அமுக்கினேன். பீப் என்றது. நடந்தேன்.

கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனால், நந்திக்குப் பக்கத்தில் சுமதி நிற்கிறாள். என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

"பாப்பா எங்கக்கா?"

"என்னைக் கேக்குற? உங்கிட்டதானே இருந்தா?"

"தர்ஷினி தூக்கிட்டுப் போனான்னு நெனச்சேன்."

தர்ஷினி முகம் வெளுத்துவிட்டது. "இல்ல சித்தி. சித்தப்பா கையைப் பிடிச்சிருந்தான்னுதான் நான் பூக்கூடையைத் தூக்கினேன்."

மாப்பிள்ளை அர்ச்சனைச் சீட்டோடு வந்தார். அவர் இரண்டு கையிலும் சாமான். குழந்தை இல்லை.

அன்பர்களே, அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. காதில் ஒரு சத்தமும் விழவில்லை. மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள், வாசிப்பவர் கை அசைவதுதான் தெரிந்தது.

எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். பூக்கடை, தேங்காய்க் கடை, ஆட்டோ நிறுத்தம் என்று ஒன்று விடாமல் கேட்டோம். தேங்காய்க் கடை அம்மா, "ரோஸ் பாவாடைதானே? இங்கதான் நின்னுச்சு, நான் பாத்தேனே" என்றார். அதற்கப்புறம் அவர் பார்க்கவில்லை. ஒருவர், இரண்டு பொம்பளைகள் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியதைப் பார்த்ததாகச் சொன்னார். மாப்பிள்ளை அந்தப் பக்கம் ஓடினார். மைக்கில் பெயர் சொன்னார்கள். தர்ஷினி தெருத் தெருவாகக் கத்திக்கொண்டே போனாள்.

அதற்குள் குளத்துப் பக்கம் இருந்து ஒரு கூச்சல். படிக்கட்டில் ஒரு சின்ன ரோஸ் கலர் செருப்பு கிடந்தது.

சுமதி அதைப் பார்த்தாள். அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அங்கே நின்ற நாலைந்து ஆண்கள் சட்டையோடு தண்ணீரில் இறங்கினார்கள். நான் அந்தச் செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதுதானா, வேறா என்று எனக்குத் தெரியவில்லை. நானே வாங்கிக் கொடுத்த செருப்பு. ஆனாலும் அடையாளம் தெரியவில்லை. மூளை நின்றுபோய்விட்டது.

எப்படிக் கொடிமரத்துக்கு வந்தேன் என்று ஞாபகம் இல்லை. நான் பெரிய பக்தை இல்லை. இதை மறைக்காமல் சொல்கிறேன். கோயிலுக்கு வந்தால் விளக்குப் போடுவேன், திருநீறு பூசிக்கொள்வேன், வீட்டு வேலை ஞாபகத்தோடு திரும்பிப் போவேன். சாமியிடம் மனசு விட்டுப் பேசியதே கிடையாது. அன்றைக்குக் கொடிமரத்தடியில் விழுந்து கிடந்தேன். தேவாரம் எதுவும் வாயில் வரவில்லை. சாமி பெயர்கூட வரவில்லை. இவ்வளவுதான் சொன்னேன்:

"எங்க கண்ணுக்குத் தெரியல. நீ பாத்துக்கிட்டுத்தானே இருக்க. யார் மூலமாவது சொல்லிடு. யார் மூலமாவது சொல்லிடு."

எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. அவர். குவைத்திலிருந்து.

அவர் காலையில் கூப்பிடவே மாட்டார். வேலைக்கு ஏறும்போது போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும், அதுதான் அங்கே சட்டம். நான் எடுத்து, "ஏங்க, யாழினியைக் காணோம்ங்க" என்று கத்தினேன். அவர் அதே நேரத்தில் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் குரலும் மோதியது. பிறகு அவர் கேட்டார்.

"என்னது? யாரைக் காணோம்?"

"பாப்பாவைங்க. அரை மணி நேரமாத் தேடுறோம். குளத்துல இறங்கிப் பாக்குறாங்க."

அவர் மெதுவாகக் கேட்டார்.

"மல்லி, வண்டி எங்க நிக்குது?"

"வண்டியை விடுங்க இப்ப!"

"மல்லி, நான் சொல்றதைக் கேளு. வண்டி அலாரம் அடிக்குதுன்னு எனக்கு இப்பதான் மெசேஜ் வந்துச்சு. பூட்டின வண்டியில உள்ளேருந்து யாரோ கதவைத் திறக்கப் பாக்குறாங்க."

உள்ளேருந்து.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மடக்கி விட்ட நடு சீட்டு. பக்கத்துப் படி. அந்தப் படியில் ஏறி இறங்குவது யாழினிக்கு எப்போதும் விளையாட்டு. நாங்கள் சாமான் இறக்குகிற அவசரத்தில் அவள் திரும்ப ஏறி, தர்ஷினி எழுந்துபோன மூன்றாவது வரிசைக்குப் போய் மருந்து மயக்கத்தில் படுத்துவிட்டாள். அந்தக் கதவை நான்தான் சாத்தினேன். என் கையால். நாலு தெரு ஓட்டிப் போனேன், வெயிலில் நிறுத்தினேன், பூட்டினேன். எல்லாவற்றுக்கும் கத்துகிற வண்டி, அதற்கு மட்டும் கத்தவில்லை.

"ஓடு மல்லி! நான் இங்கேருந்து திறந்து விடுறேன். நீ ஓடு!"

ஓடினேன். செருப்பை எடுக்கவில்லை. சித்திரை வெயிலில் தார் ரோடு. போன் காதில் இருந்தது. அவர் பேசிக்கொண்டே இருந்தார். "ரகசிய நம்பர் கேக்குது... போட்டுட்டேன்... சுத்துது... சுத்துது... ஐயோ, வரல. மறுபடி போடுறேன்... மறுபடி போடுறேன் மல்லி..." அழுதுகொண்டே பேசினார். இருபது வருஷத்தில் அவர் அழுது நான் கேட்டதில்லை. "அப்பா மகாலிங்கம், திறந்து விடு" என்று நான் ரோட்டில் கத்திக்கொண்டே ஓடினேன். ஜனங்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

"திறந்துருச்சு! மல்லி, திறந்துருச்சு! ஹாரன் அடிக்க விடுறேன்!"

நான் அந்தத் தெரு முனைக்கு வந்தபோது என் வண்டியின் ஹாரன் கேட்டது. மனைக்குள் நுழைந்தேன். டிரைவர் பக்கக் கதவு அகலமாகத் திறந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு வயசான அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் யாழினி.

அந்த அம்மா எதிரே மரத்தடியில் நுங்கு விற்கிறவர். அலாரம் அடித்தது அவருக்கும் கேட்டிருக்கிறது. "இந்த வண்டிங்க சும்மா சும்மா கத்தும்னு இருந்துட்டேன்மா" என்றார். அது அடங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஆளே இல்லாத வண்டி 'டக்' என்று பூட்டுத் திறந்து, விளக்கு எரிந்து, தானாக ஹாரன் அடித்ததும் பயந்துபோய்க் கிட்டே வந்து பார்த்திருக்கிறார். குழந்தை முன்னால் வந்து, நான் உட்கார்கிற சீட்டில், சுருண்டு கிடந்திருக்கிறாள். தூக்கி நிழலில் வைத்து, பாவாடையைக் கழற்றி, நுங்கு கழுவ வைத்திருந்த தண்ணீரைத் தலையிலும் மார்பிலும் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ரோஸ் கலர் செருப்பு இரண்டும் யாழினி காலிலேயே இருந்தன; குளத்துப் படியில் கிடந்தது வேறு ஏதோ குழந்தையுடையது. அவள் உடம்பு அடுப்புப் போலச் சுட்டது. முகம் செக்கச் செவேல் என்று இருந்தது. ஒரு சொட்டு வேர்வை இல்லை. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. "பாப்பா, பெரிம்மா வந்துட்டேன்டா" என்றேன்.

நான் கத்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்து, எனக்குப் பின்னாலேயே மாப்பிள்ளையும் சுமதியும் வந்துவிட்டார்கள். நான் வண்டியை ஓட்டுகிற நிலையில் இல்லை. மாப்பிள்ளைதான் ஓட்டினார். ஆஸ்பத்திரியில் உடம்பைக் குளிர வைத்தார்கள், ட்ரிப் ஏற்றினார்கள். டாக்டர் அம்மா எங்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "யார் பூட்டினது?"

"நான்" என்றேன்.

சுமதி திரும்பி என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். என்னை விட எட்டு வயது சின்னவள். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. வராந்தாவில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு வலிக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தால் தேவலை என்றுதான் தோன்றியது. என் இரண்டு பாதத்திலும் தோல் உரிந்து தொங்கியது எனக்கு அங்கே ஒரு நர்ஸ் சொல்லித்தான் தெரியும்.

மத்தியானம் இரண்டு மணி வாக்கில் யாழினி கண்ணைத் திறந்தாள். சுமதியைப் பார்த்து, "அம்மா, தண்ணி" என்றாள். கதவுக்கு வெளியே நின்று அதைக் கேட்டேன். அந்த இரண்டு வார்த்தைக்கு நான் என் உயிர் உள்ளவரை மகாலிங்க சாமிக்குக் கடன்பட்டவள். மறுநாள் சாயந்திரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர் அம்மா.

யாழினி கிடைத்த அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் போனில் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, அங்கே காலையிலிருந்து மணல் காற்று. கண் தெரியாத அளவுக்கு அடித்ததால் கிரேன் வேலையை நிறுத்தி, எல்லோரையும் கேம்புக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் போன் அவர் கையில் இருந்தது. இரண்டாவதைச் சொல்லத் தயங்கினார்.

"ஆப்பை எடுத்துட்டேன்னு உங்கிட்ட பொய் சொன்னேன் மல்லி. எடுக்கல. உன்னை வேவு பாக்குறதுக்கு இல்ல. இங்க தனியா இருக்கப்ப, வண்டி வீட்டு வாசல்ல நிக்குதுன்னு பாத்தா, நீங்க ரெண்டு பேரும் வீட்ல பத்திரமா இருக்கீங்கன்னு ஒரு நிம்மதி. அதுக்காகத்தான்."

நானும் அவரும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டது, சண்டை போட்டது எல்லாம் அன்றோடு போயிற்று.

மாப்பிள்ளை அறிவியல் வாத்தியார். அவர் சொல்வார்: "அக்கா, அது சென்சார். கதவுக் கைப்பிடியை இழுத்தா சிக்னல் போகும். இதுல அதிசயம் ஒண்ணும் இல்ல." நான் அவரோடு வாதாடுவது இல்லை. சிக்னல் போகும், சரி. என்றைக்கும் பூட்டுகிற போன் அன்றைக்கு மட்டும் ஏன் கையில் இருந்தது? எடுத்துவிட்டேன் என்று சொன்னவர் எடுக்காமல் ஏன் வைத்திருந்தார்? பச்சைக் குழந்தை ஏன் பின் சீட்டிலிருந்து தவழ்ந்து வந்து அந்தக் கைப்பிடியைப் பிடித்தாள்? யார் மூலமாவது சொல்லிடு என்று நான் கேட்டேன். கடல் தாண்டி இருக்கிறவர் மூலமாகச் சொன்னான். எனக்கு இது போதும்.

சுமதி என்னோடு ஒன்றரை மாதம் பேசவில்லை. நானும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? வண்டியையும் தொடவில்லை. தர்ஷினியை பஸ்ஸில் அனுப்பினேன். திங்கட்கிழமை தோறும் பஸ் ஏறித் திருவிடைமருதூர் போய்க் கொடிமரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வருவேன். குழந்தையைக் கொடுத்துவிட்டாய், தங்கச்சியையும் கொடு என்று கேட்பேன்.

ஆனி மாதம் ஒரு நாள் போன் வந்தது. எடுத்ததும் சுமதி "அக்கா" என்றாள். அவளே மேலே பேசினாள்.

"வேண்டுதல் அப்படியே நிக்குது. எப்ப வர்ற?"

"பஸ்ல போயிடலாமா சுமதி?"

"எதுக்கு? நீ வண்டியை எடுத்துட்டு வா."

கண்ணாடியில் இருந்த வலைத் திரை எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுவிட்டுப் போனேன். நன்னிலத்தில் யாழினி என்னைப் பார்த்ததும் "பெரிம்மா" என்று ஓடி வந்தாள். நான் இரண்டு அடி பின்னால் போனேன். தொடப் பயம். திருவிடைமருதூரில் இந்தத் தடவை நிறுத்தும் இடம் வரை எல்லோரும் வண்டியிலேயே வந்தார்கள். பால் கேனையும் கூடையையும் இறக்கினோம். சுமதி யாழினியைத் தூக்கி என்னிடம் நீட்டினாள்.

"நீ வச்சுக்கக்கா. நான் கூடையை எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் முன்னால் நடந்தாள்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த நாலு தெருவும் நடந்து கோயிலுக்குள் போனேன். அபிஷேகம் நடந்தது. சாமி மேல் பால் வழிவதை யாழினி என் தோளில் இருந்தே பார்த்தாள்.

அன்பர்களே, பெரிய பாட்டு தெரிய வேண்டும், மந்திரம் தெரிய வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. மூளை நின்றுபோன நேரத்தில் மூச்சாகக் கேட்டேன். அதையும் அவன் காதில் வாங்கினான். கஷ்டம் வந்தால் நீங்களும் போய் விழுங்கள், வாயில் வருவதைச் சொல்லுங்கள். வீட்டில் வண்டி வைத்திருப்பவர்களிடம் இன்னும் ஒரே ஒரு விண்ணப்பம். பூட்டுவதற்கு முன்னால் எல்லாக் கதவையும் திறந்து, கடைசி சீட்டு வரை கையை நீட்டித் தடவிப் பாருங்கள். கண்ணை நம்பாதீர்கள். நான் குழந்தை ரோட்டில் நின்றதைக் கண்ணால் பார்த்தவள்.